நூற்று இருபத்தெட்டுத் திருநாமம்

சதுரங்கப் பலகையில் கட்டங்கள் 64 என்று எண்ணி அமைதியடையும் எளியோர் நிறைந்த உலகம் இது. அதே பலகைக்கு 128 பெயர்களைச் சூட்டி அழகு பார்த்த வள்ளல் பெருமான் ஒருவர் இருந்தார். ஆங்கில விவரிப்புக் குறியீடு என்பது அவருடைய திருநாமம். லண்டனிலும் நியூயார்க்கிலும் ஆங்கிலம் அரசோச்சிய திசைகள் அனைத்திலும் ஆட்டக் குறிப்புகளின் மேல் செங்கோல் செலுத்தியவர். காபாபிளாங்கா 1921-இல் எழுதிய பாடநூலும், பாபி ஃபிஷர் தம்முடைய 60 ஆட்டங்களைத் தொகுத்து 1969-இல் வெளியிட்ட நூலும் அவருடைய திருக்கரங்களிலேயே தவழ்ந்து வாசகரை வந்தடைந்தன. அப்பெருமானின் கீர்த்தியை ஒரு கட்டுரைக்குள் அடைக்க முயல்வது அடியேனின் பேராசை. ஆனாலும் சொல்லாமல் இருக்க மனம் ஒப்பவில்லை.

ஒரு கட்டத்துக்கு ஒரு பெயர் போதும் என்பது வறியவர் கணக்கு. அவர் அப்படிக் கஞ்சத்தனம் செய்யவில்லை. ஆட்டம் தொடங்கும்போது ராஜா நிற்கும் நெடுவரிசை ராஜாவின் பெயரைப் பெறும். ராணி நிற்பது ராணியின் பெயரைப் பெறும். மற்றவை ராஜா பக்கத்துப் பிஷப், குதிரை, யானை என்றும் ராணி பக்கத்துப் பிஷப், குதிரை, யானை என்றும் அழைக்கப்படும். வெள்ளைக்காய் ஆடுபவர் தம் மடியிலிருந்து ஒன்று முதல் எட்டு வரை எண்ணிக்கொண்டு போவார். கறுப்புக்காய் ஆடுபவர் தம் மடியிலிருந்து எண்ணிக்கொண்டு எதிரே வருவார். ஆகவே வெள்ளையின் 'ராஜா 4' கறுப்பின் திருவாயில் 'ராஜா 5' ஆகிறது. வெள்ளையின் 'ராணி-யானை 1' கறுப்புக்கு 'ராணி-யானை 8'. இருவரும் ஒரே மரக்கட்டத்தை விரலால் தொட்டுக்கொண்டே வேறு வேறு பெயர் சொல்லலாம், இருவரும் சரி. உண்மை ஒன்றாகவே இருக்க வேண்டும் என்ற முரட்டுப் பிடிவாதத்தை 64 கட்டங்களிலும் ஒருசேரத் தகர்த்த ஞானம் இது.

விமரிசகர் ஒருவர் 'ராஜா 5 பலவீனமாக இருக்கிறது' என்று எழுதுகிறார் என்று கொள்ளுங்கள். யாருடைய ராஜா 5? வெள்ளையுடையதா, கறுப்புடையதா? அந்த வாக்கியத்தின் எழுவாயை வாசகர் தேடுவார். முந்தைய வாக்கியத்துக்குப் போவார். அதற்கும் முந்தைய பத்திக்குப் போவார். ஆட்டத்தைப் படிக்க வந்தவருக்கு இலக்கணமும் இலவசமாகப் பயிற்றுவிக்கும் கருணை வேறு எந்தக் குறியீட்டிடம் உண்டு?

பெயர்களின் பெருக்கம் முன்மண்டபம்தான். பெருமானின் கருவறை சுருக்கம். எது தெளிவோ அதை எழுத வேண்டாம், குழப்பம் வருமிடத்தில் மட்டும் ஒரு சொல் கூட்டு என்பதே அவருடைய தலையாய விதி. குழப்பம் வருமா வராதா என்று எழுதுகிறவர் ஆட்ட அவசரத்தில் தாமே தீர்மானித்துக்கொள்வார். தீர்மானம் தவறினால் அதைச் சுமக்கும் பாக்கியம் வாசகருக்கு. எழுதும் கைக்கு ஓய்வையும் படிக்கும் கண்ணுக்கு உழைப்பையும் பங்கிட்டுக் கொடுத்த நீதி அது.

'குதிரை–பிஷப் 3' என்கிறார் அவர். இருபக்கமும் பிஷப் உண்டு. இருபக்கமும் குதிரை உண்டு. முதல் நகர்விலேயே அந்தத் திருவாக்கு இரண்டு கட்டங்களைக் குறிக்க வல்லது. ஆகவே 'ராஜா-பிஷப் 3' அல்லது 'ராணி-பிஷப் 3' என்று ஒரு சொல் கூட்ட வேண்டும். இரண்டு காய்கள் இருப்பதால் வந்த குழப்பம் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரே ஒரு யானை ராஜா 3-இல் நின்று, இருபுறமும் வழி திறந்திருந்தால், அந்தத் தனி யானையே 'யானை–பிஷப் 3' என்ற சொல்லுக்கு இடப்புறம் ஒரு பொருளும் வலப்புறம் ஒரு பொருளும் தரும். சிலேடை பாடப் புலவர்கள் ஊர் ஊராகப் பரிசில் தேடி அலைந்தார்கள். இங்கே ஒரு யானை எந்தப் பரிசிலும் கேளாமல் அதைச் செய்கிறது.

வெட்டும் நகர்வுகளுக்கு வருவோம். அங்கேதான் பெருமானின் விசுவரூபம். வெட்டு நடந்த கட்டத்தின் பெயரை எழுதுவதே அவருடைய கௌரவத்துக்குக் குறைவு. எந்தக் காய் எந்தக் காயை வெட்டியது என்றால் போதும். 'சிப்பாய் × சிப்பாய்.' அவ்வளவுதான். எட்டுச் சிப்பாய்கள் எதிரெதிரே எட்டுச் சிப்பாய்களுடன் மல்லுக்கு நிற்கும் பலகையில், சிப்பாய் சிப்பாயை வெட்டினான் என்று மூன்றே குறிகளில் முடித்துவிடும் கம்பீரத்தை என்னவென்பது! வெட்டக்கூடிய சிப்பாய் ஒன்றே என்றால் அது போதும். ராஜா 4-இலும் ராணி-பிஷப் 4-இலும் இரு வெள்ளைச் சிப்பாய்கள் நின்று நடுவில் ஒரு கறுப்புச் சிப்பாயைக் குறிவைக்கின்றன என்றால் 'பிஷப் சிப்பாய் × சிப்பாய்' என்று எழுதலாம். 'ராணி-பிஷப் சிப்பாய் × சிப்பாய்' என்றும் எழுதலாம். 'சிப்பாய், பிஷப் 4-இல் உள்ளது, × சிப்பாய்' என்று அடைப்புக்குறியிட்டும் எழுதலாம். அடைப்புக்குறி பிடிக்காத ஆசிரியர் சாய்கோடு இடலாம். வெட்டுபவர் ஒருவரே, வெட்டுப்படத்தக்கவர்கள் இருவர் என்றால் 'சிப்பாய் × ராணி சிப்பாய்' என்று மாண்டவரின் முகவரியைச் சொல்லலாம். ஒரே நகர்வுக்கு இத்தனை எழுத்துவடிவம். எதை எழுதினாலும் பிழையில்லை. ஒரு நூலில் கண்ட நிலையை இன்னொரு நூலில் தேடுபவர் இந்தத் தோற்றங்கள் அனைத்தையும் மனத்தில் ஏந்திக்கொண்டு தேடுவார். அவதாரங்கள் பலவாயினும் மூர்த்தி ஒன்றே என்று அறிந்த பக்தருக்கு அது பாரமாகாது.

காய்கள் பரிமாறிக்கொள்ளும் கட்டத்தில் பெருமானின் கவித்துவம் உச்சம் தொடும். குதிரை × குதிரை, சிப்பாய் × குதிரை, பிஷப் × பிஷப், ராணி × பிஷப் என்று நான்கு நகர்வுகள் ஓடும். நான்கிலும் ஓர் இடத்தின் பெயரும் இராது. போர் நடந்தது, வீரர்கள் மாண்டார்கள், களம் எது என்று மட்டும் கேட்காதீர்கள். பலகையை முன்னால் வைத்து முதல் நகர்விலிருந்து காய்களை ஆடிக்கொண்டு வருபவருக்கே அது புலப்படும். நடுவில் ஒரு நகர்வைத் தவறவிட்டவர் மறுபடி முதலிலிருந்து தொடங்கும் பேறு பெறுவார். பலகை வாங்க வசதியில்லாமல் பேருந்தில் புத்தகத்தை மட்டும் திறந்து வைத்துக்கொண்டு படிக்க முயலும் சிறுவனை அவர் எத்தனை நாசூக்காக வாசலிலேயே நிறுத்திவிடுகிறார் என்பதை எண்ணி எண்ணி உருகலாம்.

காய்களின் குலப்பெருமையைக் காத்த திறத்தை இனி விரிவாகவே சொல்ல வேண்டும். இரு யானைகளும் ராஜா 1-க்கு வர முடியும் என்றால், 'ராஜா-யானை' வந்ததா 'ராணி-யானை' வந்ததா என்று எழுதச் சொன்னார். அந்தப் பட்டம் பிறப்பால் வருவது. ஆட்டத் தொடக்கத்தில் ராஜா பக்கத்து மூலையில் நின்ற யானை, முப்பது நகர்வு அலைந்து ராணி பக்கத்து எல்லைக்குப் போனாலும் ராஜா-யானையே. அதனால்தான் 'ராஜா-யானை–ராணி-யானை 3' என்று எழுதப்படும் திருவாக்கு சாத்தியமாகிறது. அந்தச் சொற்கோவையில் அசைந்தது ஒரே ஒரு யானை. ராஜாவும் அசையவில்லை, ராணியும் அசையவில்லை, இரண்டாவதாகச் சொல்லப்பட்ட யானை பலகையிலேயே இல்லாமலும் இருக்கலாம். வாசகர் ஒவ்வொரு யானையின் பூர்வீகத்தையும் ஒவ்வொரு குதிரையின் பிறந்த மனையையும் ஆட்டம் முழுதும் நினைவில் சுமந்து வர வேண்டும். எட்டாம் வரிசையை எட்டிய சிப்பாய் யானையாகப் பதவி உயர்வு பெற்றால், அந்தப் புதிய யானை ராஜா குலமுமில்லை, ராணி குலமுமில்லை. நேற்று வந்தவருக்குக் கோத்திரம் கேட்டால் எங்கே போவார்?

சிப்பாய்க்கோ வேறு நியாயம். அவர் புகுந்த வீட்டின் பெயரை ஏற்கும் மருமகள் போல. ராஜாவின் சிப்பாய் எதிரிச் சிப்பாயை வெட்டி ராணியின் நெடுவரிசைக்குள் நுழைந்த கணமே ராணிச் சிப்பாய் ஆகிவிடுகிறார். அங்கே ஏற்கெனவே ராணிச் சிப்பாய் ஒருவர் தம் இடத்திலேயே அமர்ந்திருந்தால் இப்போது ராணிச் சிப்பாய்கள் இருவர். பெரிய காய்களுக்குப் பிறந்த இடமே நிரந்தரப் பெயர். சிறிய காய்க்கு நின்ற இடமே பெயர். ஒரே பலகையில், ஒரே ஆட்டத்தில், ஒரே வரியில் இரண்டு தர்மங்களை நடத்திக் காட்டிய பெருமானின் நிர்வாகத் திறனுக்கு இணை ஏது?

குழப்பம் தீர்க்க அவர் கையாண்ட உபாயங்களில் என் நெஞ்சைக் கொள்ளைகொண்டது 'செக்' என்ற சொல்லைப் பயன்படுத்திய விதம். பிரெஞ்சுத் தடுப்பாட்டத்தை எடுத்துக்கொள்வோம். இருவரும் முதல் இரண்டு நகர்வுகளில் நடுச் சிப்பாய்களைத் தள்ளிவிட்டார்கள். வெள்ளையின் மூன்றாம் நகர்வாக 'பிஷப்–குதிரை 5, செக்' என்று எழுதியிருக்கிறது. அந்த நிலையில் வெள்ளையின் இரு பிஷப்புகளுமே குதிரை 5-க்குப் போக முடியும். ஒன்று ராஜா பக்கத்துக் குதிரை 5, இன்னொன்று ராணி பக்கத்துக் குதிரை 5. எது என்று ஒரு சொல்லில் எழுதிவிடலாம். எழுதவில்லை. செக் என்று மட்டும் எழுதினார். வாசகர் ஒரு பிஷப்பை நகர்த்திப் பார்க்க வேண்டும், செக் இல்லை. திரும்ப வைக்க வேண்டும். மற்றொன்றை நகர்த்த வேண்டும், ராஜாவுக்குச் செக் விழுகிறது, ஆகவே அதுதான். நகர்வு எது என்பதை அதன் விளைவிலிருந்து வாசகரே துப்பறிந்து கொள்ளலாம். அதேபோல இரு குதிரைகளில் ஒன்று ராஜாவுக்கு முன் கட்டுண்டு அசைய முடியாமல் இருந்தால், மற்றது எது என்று எழுதத் தேவையில்லை. எது கட்டுண்டது என்பதை வாசகர் கண்டுபிடித்துக்கொள்வார். ஆட்டத்தை நன்றாக ஆடத் தெரிந்தவருக்கே ஆட்டத்தை எப்படி ஆடினார்கள் என்று படிக்க அனுமதி. ஆடக் கற்றுக்கொள்ளவே படிக்க வந்தவர்? அவர் கற்றுக்கொண்டு வரட்டும்.

எழுத்துகளிலும் அவருடைய சிக்கனம் போற்றத்தக்கது. ஆங்கிலத்தில் ராஜாவும் குதிரையும் ஒரே எழுத்தில் தொடங்குகின்றன. ராஜாவுக்கு 'கே' கொடுத்தார். குதிரைக்கு 'கே' எழுத்துடன் ஒரு சிறிய 'டி' ஒட்டி வைத்தார். வேறு எழுத்து கொடுக்கலாம் என்பது பிற்காலத்துக்குத்தான் தோன்றியது. அதுவரை, ஓர் அச்சுக்கோப்பவரின் விரல் நழுவி ஒரு சிறிய 'டி' உதிர்ந்தால், குதிரை சென்ற கட்டத்துக்கு ராஜா சென்றதாகப் பதிவாகும். எளிய ஈய எழுத்து ஒன்று மகுடம் சூட்டும் அதிகாரம் பெற்றிருந்த பொற்காலம் அது. ஸ்பானிய உலகில் அவருடைய தம்பி ஒருவரும் ஆட்சி செய்தார்; எண்ணை முன்னும் வரிசைப் பெயரைப் பின்னும் எழுதுவார். ஆங்கிலத்தில் யானையைக் குறித்த 'ஆர்' என்ற எழுத்து அவரிடம் ராஜாவைக் குறித்தது. குடும்ப ஒற்றுமை நெகிழ வைக்கிறது.

இத்தனை மேன்மைக்கும் ஆபத்து வராமல் இல்லை. அலெப்போ நகரில் பிறந்த பிலிப் ஸ்டம்மா என்பவர் 1737-இலேயே பாரீசில் ஒரு நூல் வெளியிட்டார். நெடுவரிசைகளுக்கு எட்டு எழுத்துகள், கிடைவரிசைகளுக்கு எட்டு எண்கள், ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரே பெயர், இருபக்கத்துக்கும் அதே பெயர் என்று அந்த நூலில் எழுதிக் காட்டினார். 1745-இல் லண்டனிலும் அதை நூலாக்கினார். நல்லவேளையாக 1747-இல் அவர் ஃபிலிடோர் என்ற ஆட்டக்காரருடன் ஆடித் தோற்றுப்போனார். வென்ற ஃபிலிடோர் 1749-இல் எழுதிய நூலில் நகர்வுகளை 'ராஜாவின் சிப்பாய் இரண்டு அடி' என்ற வகையில் வாக்கியமாகவே எழுதினார். ஆட்டத்தில் தோற்றவரின் எழுத்துமுறை எப்படிச் சரியாக இருக்க முடியும் என்ற தர்க்கத்தின் முன் ஆங்கில உலகம் தலைவணங்கியது. 1847-இல் ஹோவர்ட் ஸ்டான்டன் தம் புகழ்பெற்ற கையேட்டில் அந்த வாக்கியங்களைச் சுருக்கிச் சுருக்கி நம் பெருமானுக்கு முழு உருவம் கொடுத்தார். அதற்கு நான்கு ஆண்டுகள் முன்பே, 1843-இல், ஜெர்மனியில் வெளியான பில்கேரின் பெருநூல் ஸ்டம்மாவின் வழியில் கட்டத்துக்கு ஒரு பெயரிட்டு எழுதப்பட்டிருந்தது. ஜெர்மானியர் எளிய வழியில் போனதைக் கண்டும் ஆங்கிலேயர் நூறாண்டுக்கு மேல் தடுமாறவில்லை. விளக்கு பக்கத்து வீட்டில் எரிகிறது என்பதற்காகத் தம் வீட்டு இருளை விட்டுக்கொடுக்காத வைராக்கியம் சாமானியமானதா?

அந்த வைராக்கியத்தின் பரம்பரைச் சொத்தே பத்தொன்பதாம் நூற்றாண்டு இதழ்களின் சதுரங்கப் பத்திகள். இல்லஸ்ட்ரேட்டட் லண்டன் நியூஸ் இதழில் 1845 முதல் ஸ்டான்டன் நடத்திய பத்தியைப் போன்ற பத்திகளில் ஆட்டங்கள் இந்தக் குறியீட்டில் அச்சாயின. அப்படிப்பட்ட ஓர் ஆட்டத்தை இன்று மறுபடி ஆடிப் பார்ப்பவருக்குக் காத்திருக்கும் இன்பத்தைச் சொல்கிறேன். பதினான்காம் நகர்வில் 'குதிரை–பிஷப் 3' என்று மொட்டையாக இருக்கிறது. இரண்டு கட்டங்கள் சாத்தியம். ஒன்றை ஊகித்து மேலே போகிறார். இருபத்திரண்டாம் நகர்வில் பதிவு ஒரு குதிரையை நகர்த்தச் சொல்கிறது. அந்த இடத்தில் குதிரையே இல்லை. பதினான்குக்குத் திரும்புகிறார்; மற்றொரு ஊகத்தை எடுக்கிறார். இடையில் ஒரு 'சிப்பாய் × சிப்பாய்' இருந்து அதற்கும் இரண்டு பொருள் என்றால் வழிகள் நான்கு. இன்னொன்று சேர்ந்தால் எட்டு. 1993-இல் ஸ்டீவன் எட்வர்ட்ஸ் வகுத்த பி.ஜி.என் வடிவத்துக்கு இந்தப் பழைய ஆட்டங்களை மாற்றிக் கணினியில் ஏற்ற எழுதப்படும் நிரல்களும் இதே தீர்த்த யாத்திரையைத்தான் செய்கின்றன: கிளை பிரிந்து போவதும், முட்டுச் சந்தில் மோதுவதும், திரும்பி வருவதும். சில சமயம் இரண்டு கிளைகளும் இறுதிவரை தடையின்றி ஓடிவிடும். அப்போது எந்த யானை நகர்ந்தது என்பது ஆடிய இருவருக்கு மட்டுமே தெரியும். அவர்கள் இருவரும் மண்ணுக்குள் போய் நூறாண்டு ஆகியிருக்கும். பதிவு செய்யப்பட்ட ஓர் ஆட்டத்தைப் பதிவாலேயே மறைத்து வைக்கும் அந்தரங்கக் காவல் வேறு எவரிடம் உண்டு?

பெருமானுக்குப் பின் அரியணை ஏறிய, ஸ்டம்மாவின் வழிவந்த இயற்கணிதக் குறியீட்டைப் பார்த்தால் பரிதாபம் பொங்குகிறது. 'இ4' என்றால் இ4தான். வெள்ளைக்கும் அதுவே, கறுப்புக்கும் அதுவே, மாஸ்கோவிலும் அதுவே, 2022-இல் ஒலிம்பியாட் நடந்த மாமல்லபுரத்திலும் அதுவே. இரண்டு குதிரைகள் ஒரே கட்டத்துக்குப் போக முடிந்தால் அங்கும் குழப்பம் வரத்தான் செய்கிறது. கிளம்பும் வரிசையின் எழுத்து ஒன்றைக் கூட்டி அந்த நொடியே தீர்த்துவிடுகிறார்கள். ஆராய்ச்சி இல்லை, ஊகம் இல்லை, திரும்பி வருதல் இல்லை. ஆறு வயதுக் குழந்தையும் ஒரே வாரத்தில் படித்துவிடுகிறது. கற்றவருக்கும் கல்லாதவருக்கும் வேற்றுமை தெரியாமல் போனதில் கலையின் மரியாதை என்னாவது?

உலகச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடே 1981-இல் பெருமானுக்கு அளித்து வந்த அங்கீகாரத்தை விலக்கிக்கொண்டது. அத்தோடு நிற்காமல் தன் விதிகளில் இன்னொரு வரியையும் வைத்திருக்கிறது. இயற்கணிதம் அல்லாத வேறு குறியீட்டில் எழுதிய தாளைச் சாட்சியமாக ஏற்க முடியாது என்பது அந்த வரி. ஒரே நிலை மூன்று முறை வந்ததா, குறித்த நேரத்துக்குள் குறித்த நகர்வுகள் முடிந்தனவா என்று வழக்கு எழுந்தால் நடுவர் கேட்பது ஆட்டத் தாளைத்தான். எழுதிய தாள் என்ன நடந்தது என்று சொல்ல வேண்டும் என்று எதிர்பார்க்கும் அந்தக் கரடுமுரடான காலத்தில் பெருமான் சாட்சிக் கூண்டில் ஏற மறுத்துத் தம் கண்ணியத்தைக் காத்துக்கொண்டார்.

அன்புள்ள வாசகரே, பழைய புத்தகக் கடையில் அவருடைய திருவுருவம் பொறித்த நூல் ஒன்று உங்கள் கைக்குக் கிடைத்தால் பக்தியோடு வாங்குங்கள். படிக்கும்போது பலகை ஒன்றல்ல, இரண்டு வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு 'சிப்பாய் × சிப்பாய்'க்கும் இரண்டிலும் ஆடிப் பாருங்கள். ஓர் உதவி மட்டும் வேண்டும். எந்தச் சிப்பாய் எதை வெட்டியது என்று கண்டுபிடித்துவிட்டால், அடுத்து வருபவருக்காக ஓரத்தில் பென்சிலால் கட்டத்தின் பெயரைக் குறித்து வைத்துவிடாதீர்கள். பெருமானின் மனம் புண்படும்.